எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர்: பிளவுஸ், பேட்ஜ், கொடை டி-ஷர்ட் வேலைகளில் நீண்ட நாள் அனுபவம்

நெல்லை டவுன், பாளையங்கோட்டை பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் கடைகளில் ஒரே மிஷினில் கல்யாண பிளவுஸும் ஓடும், பள்ளிக்கூட பேட்ஜும் ஓடும், கோயில் கொடைக்கு (அம்மன் கோயில் திருவிழாவுக்கு) டி-ஷர்ட்டும் ஓடும். சாஃப்ட்வேர் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு வேலைக்கும் அதில் கை வைக்கிற இடம் வேறு. வில்காம், ஹாட்ச், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்டிச் ஆகியவற்றை நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை இவை.

பிளவுஸ் வேலையில் பணமும் அதிகம், சேதாரமும் அதிகம். 40 நம்பர் நூலுக்கு 0.40 மி.மீ. டென்சிட்டி (தையல் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) என்பது சாஃப்ட்வேர் தானாகத் தருகிற அளவு. மெல்லிய பட்டுக்கு அதை அப்படியே விட்டால் பூவைச் சுற்றித் துணி சுருங்கும். 0.45-க்குத் தளர்த்தி, அடியில் எட்ஜ் ரன் அண்டர்லே (ஓரத்தை ஒட்டி ஓடும் அடித் தையல்) கொடுத்தால் துணி படிந்து நிற்கும். ஜரிகை நூலுக்கு 0.50 வரை போகலாம். பொடித் தையல்களை நீக்கி, 90 நம்பர் ஊசி மாட்டி, வேகத்தை நிமிடத்துக்கு 600 தையலுக்குள் வைத்தால்தான் நூல் அறுபடுவது குறையும்.

சமிக்கி டிசைனில் அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று உண்டு. 5 மி.மீ. சமிக்கியை 5 மி.மீ. இடைவெளியில் வைத்த டி.எஸ்.டி. ஃபைலை (மிஷின் படிக்கிற தையல் ஃபைல்), கை அளவு சின்னது என்று மிஷினிலேயே 20 சதவீதம் குறைக்கிறார்கள். இடைவெளி 4 மி.மீ. ஆகிவிடும், சமிக்கி மட்டும் 5 மி.மீ.தான். ஊசி பக்கத்துச் சமிக்கியின் விளிம்பைக் குத்தும்; நூல் அறும், சமிக்கியும் உடையும். மூல ஃபைலை சாஃப்ட்வேரில் திறந்து சுருக்கினால் சமிக்கியின் எண்ணிக்கையே குறைந்து இடைவெளி சரியாக நிற்கும். சமிக்கி வசதி எல்லாப் பதிப்பிலும் வராது. வாங்குமுன் அதைக் கேட்டு, கண்ணெதிரே ஒரு டிசைன் போடச் சொல்லிப் பாருங்கள்.

பேட்ஜ் வேலையில் அழகை விட நேரம் முக்கியம். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஜூன் மாதம் எல்லா ஆர்டரும் ஒன்றாக வந்து குவியும். ஒரு ட்ரிம்முக்கு (நூலை வெட்டுவதற்கு) மிஷின் ஆறு வினாடி நிற்கிறது என்று வையுங்கள். எழுத்துகளின் வரிசையை மாற்றி 20 ட்ரிம்மை 8 ஆக்கினால் பேட்ஜுக்கு 72 வினாடி மிச்சம். ஒரு நேரத்தில் ஒன்றே தைக்கும் சிங்கிள் ஹெட் மிஷினில் 300 பேட்ஜ் என்றால் ஆறு மணி நேரம். ஆட்டோ டிஜிட்டைசிங் (படத்தை சாஃப்ட்வேரே தையலாக மாற்றுவது) இந்த வரிசையை ஒழுங்காகப் போடாது, கையால்தான் மாற்ற வேண்டும். வட்டத்துக்குள் வரும் பள்ளிப் பெயரின் எழுத்து 5 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் 60 நம்பர் நூலும் 65 நம்பர் ஊசியும் போடுங்கள். அதை விட்டுவிட்டுத் தையலை இன்னும் நெருக்கினால் எழுத்து அடைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்துதான் எல்லாரையும் திணற வைக்கிறது. ‘பேச்சியம்மன் கோயில் கொடை’ என்று யூனிகோடில் அடித்தால் சில சாஃப்ட்வேரில் ‘பே’யின் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட். அதில் கொம்பு தனி எழுத்து என்பதால் அடித்த வரிசையில் அப்படியே வரும். இன்னொன்று, இங்க்ஸ்கேப் என்ற வரைபட சாஃப்ட்வேரில் யூனிகோடில் அடித்து, பாத் (கோட்டு வடிவம்) ஆக மாற்றி, அதன் மேல் சாட்டின் (நெருக்கமான குறுக்குத் தையல்) போடுவது. இரண்டாவதே எங்களுக்குப் பிடித்தது. வேலை கூடுதல்தான், ஆனால் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழியை நம் கையால் திறந்து விடலாம்.

புள்ளியையும் கவனியுங்கள். ‘பேச்சியம்மன்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளி. 1.5 மி.மீ. விட்டத்துக்குக் கீழே போனால் பனியன் துணிக்குள் முங்கிவிடும். எழுத்தின் தையலை மேல் பக்கம் முடித்து, அங்கிருந்து நேரே புள்ளிக்குப் போய், அதைச் சின்ன சாட்டினாகத் தைத்து, முடிச்சுப் போட்டுவிட்டு ட்ரிம் செய்யுங்கள். புள்ளிகளையெல்லாம் கடைசிக்குத் தள்ளினால், அதற்குள் துணி நகர்ந்து புள்ளி எழுத்தை விட்டு விலகி விழும்.

பனியன் துணியில் புல் காம்பன்சேஷன் (தையல் துணியை இழுப்பதற்கு ஈடாகக் கூட்டும் அகலம்) 0.35 முதல் 0.40 மி.மீ. வேண்டும். அடியில் கட் அவே பேப்பர்தான் (மிச்சத்தைக் கத்தரியால் வெட்டி எடுப்பது). கிழிக்கிற பேப்பர் இரண்டு துவைப்புக்கு மேல் தாங்காது. தொப்பிக்கு நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்று வரிசை வையுங்கள், இல்லையென்றால் நடு நெற்றியில் சுருக்கம் திரளும்.

வீட்டில் சின்ன மிஷின் வைத்துத் தைப்பவர்களுக்கு இங்க்ஸ்டிச் தாராளமாகப் போதும். ஜானோம் மிஷினுக்கு ஜே.இ.எஃப்., பிரதர் மிஷினுக்கு பி.இ.எஸ். ஃபைல் இரண்டும் அதில் எடுக்கலாம். 100 × 100 மி.மீ. ஃப்ரேமுக்காகப் பெரிய சாஃப்ட்வேருக்குப் பணம் போடத் தேவையில்லை.

கடை வைத்திருப்பவர்கள் டி.எஸ்.டி.யை மட்டும் சேமித்து வைத்தால் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். அதில் ஊசி போகிற வழி மட்டுமே இருக்கும். நூலின் நிறம் இருக்காது, இது சாட்டின், இது டாடாமி (பரப்பை நிரப்பும் தையல்) என்ற விவரமும் இருக்காது. அடுத்த வருஷம் அதே பள்ளி கொஞ்சம் பெரிய பேட்ஜ் கேட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான். வில்காமில் இ.எம்.பி. என்ற மூல ஃபைலைத் துணியின் பெயரோடு சேமியுங்கள். புதுப் பதிப்பில் சேமித்தது பழைய பதிப்பில் திறக்காது. வெளியே கொடுத்து வேலை வாங்குபவர்கள் முதலிலேயே பதிப்பைக் கேட்டு, அதற்கேற்பச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஊசியில் எந்த நிறம் என்ற தாளையும் பிரின்ட் எடுத்து ஆர்டர் கவரிலேயே வைத்துவிடுங்கள்.