மெதுவாகப் போகும் சைக்கிளைக் கடப்பது: மணி, குரல், கண்ணாடி பற்றி நெடுநாள் அனுபவம்

வேலைக்குச் சைக்கிளில் போய் வருவது எனக்குப் பல வருடப் பழக்கம். டயர், சீட், விளக்கு என்று எத்தனையோ மாற்றிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு நாள் பயணம் இதமாக அமைவதும் எரிச்சலில் முடிவதும் பெரும்பாலும், முன்னால் மெதுவாகப் போகிறவரை நாம் எப்படிக் கடக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதற்கு உதவுகிற மணி, குரல், கண்ணாடி மூன்றும் இத்தனை காலப் பயன்பாட்டில் எப்படி இருந்தன என்று சொல்கிறேன்.

நாடு விட்டு நாடு செல்லும் சைக்கிளில் போதிய தூரம் கேட்கும் மணி இருக்க வேண்டும், வேறு ஒலிக்கருவி இருக்கக் கூடாது என்கிறது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. உள்ளூர்ப் பயணத்துக்கும் இதையே நான் ஆதரிப்பேன். பேட்டரி ஹாரன் மோட்டார் வண்டி மாதிரியே கத்தும். முன்னால் போகிறவர் பெரிய வண்டி ஏதோ மேலே ஏற வருகிறது என்று பதறி ஓரத்து மண்ணில் இறங்கிவிடுவார். வழி கேட்பதற்கு அது தேவையே இல்லை.

மணியில் இரண்டு வகை எனக்குப் பழக்கம். கட்டைவிரலால் நெம்பினால் உள்ளே பல்சக்கரம் சுற்றி ‘ட்ரிங் ட்ரிங்’ என்று விடாமல் அடிப்பது ஒன்று. ஸ்பிரிங் வைத்த சின்னச் சுத்தியல் பித்தளைக் கிண்ணத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவது இன்னொன்று. முதல் வகை எவ்வளவு மெல்லத் தொட்டாலும் ‘நகரு, நகரு’ என்று அதட்டுகிற மாதிரிதான் கேட்கும். பித்தளை மணியின் ஒரு தட்டு நீளமாக ஒலித்து மெல்லத் தேயும், கேட்பவருக்குத் திடுக்கிடல் இருக்காது. நான் அதிலேயே நிலைத்துவிட்டேன். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு சுத்தியல் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அப்புறம் பிரேக் கேபிள் கிண்ணத்தை உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உரசினால் ஒலி செத்துவிடும்.

ஆனால் எந்த மணி என்பதைவிட எப்போது அடிக்கிறோம் என்பதுதான் முக்கியம். அவர் 15 கிலோமீட்டர் வேகத்திலும் நாம் 20லும் போவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் குறையும். 15 மீட்டர் பின்னாலிருந்து அடித்தால் அவருக்குப் பத்து விநாடி கிடைக்கிறது. கேட்டு, புரிந்துகொண்டு, வேண்டுமானால் கொஞ்சம் ஒதுங்க அது தாராளம். அதே மணியை இரண்டு மீட்டரில் அடித்தால் என்ன ஆகும்? அவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் போகும். பெரும்பாலும் நாம் கடக்க வருகிற பக்கமும் அதுதான். வேகம் குறையக் குறைய நிலை தவறாமல் இருக்க ஹேண்டிலை அதிகமாக ஆட்ட வேண்டியிருக்கும் என்பதால், மெதுவாகப் போகிறவருக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் பெரிது. பக்கத்தில் வந்து அடிக்கும் மணி எச்சரிக்கையே இல்லை, அதுவே ஆபத்தை உண்டாக்குகிறது. மோட்டார் உதவியோடு 25ல் போகிறவர்கள், 12ல் போகிறவரை நெருங்கும்போது இந்தத் தூரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். 15 மீட்டர் அவர்களுக்கு நான்கு விநாடிதான்.

எதிர்க்காற்று நாளில் மணி நம்பகமில்லை. காற்று ஒலியைப் பின்னுக்குத் தள்ளும், முன்னால் இருப்பவர் காதிலும் காற்றின் இரைச்சல்தான் இருக்கும். அப்போது குரல்தான். ‘வலது’, ‘இடது’ என்று ஒற்றைச் சொல்லாகக் கத்துவதை நான் விரும்புவதில்லை. எந்தப் பக்கம் சொல்கிறோமோ அந்தப் பக்கமே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ‘அப்படியே போங்க, நான் சுத்திப் போயிடறேன்’ என்றால் குழப்பமில்லை. அவர் எதுவும் செய்ய வேண்டாம் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடுகிறது. கடந்ததும் ஒரு ‘நன்றிங்க’. இயர்போன் போட்டிருந்தால் மணியும் குரலும் எட்டாது, திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. நிறைய இடம் விட்டுக் கடக்கலாம், இடமில்லையென்றால் காத்திருக்கலாம்.

காத்திருப்பதற்குப் பலரும் கணக்கே போடுவதில்லை. 20ல் போகிறவர் 15ல் போகிறவரின் பின்னால் முழு அரை நிமிடம் பொறுத்தால் இழப்பது ஏழரை விநாடி. மறுபக்கம், அதே வேக வித்தியாசத்தில் ஐந்து மீட்டர் பின்னாலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் போய்ச் சேர, இரண்டு வண்டிகளின் நீளத்தையும் சேர்த்தால், கிட்டத்தட்டப் பத்து விநாடி ஆகும், அதற்கு 50 மீட்டருக்கு மேல் காலியான பாதை வேண்டும். எதிரே ஆள் வரும் குறுகலான இடத்தில் அந்த 50 மீட்டர் எங்கே இருக்கிறது? ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறவரை ஒட்டிப் போகவே கூடாது. சீட்டிலிருந்து எழும் கணத்தில் அவர் வண்டி பின்னால் வருகிற நம்மை நோக்கி ஒரு உதறு உதறும். நம் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது பெரும்பாலும் நாம்தான், ஏனென்றால் அந்த நொடியில் நம்மால் ஹேண்டிலைத் திருப்பவே முடியாது. சிறு பிள்ளைகள் ஓட்டும்போது நான் மணியைத் தொடுவதில்லை. மிதிப்பதை நிறுத்துவேன், ஃப்ரீவீலின் ‘டிக் டிக்’ ஒலி போதும். கூட வரும் பெரியவர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

கடந்த பிறகும் வேலை முடிவதில்லை. உடனே குறுக்கே வெட்டி உள்ளே வரக் கூடாது, வந்த வேகத்தையும் குறைக்கக் கூடாது. மழை நாளில் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு அவர் முகத்தில்தான் விழும், நீளமான மட்கார்டு போடுவதும் மரியாதைதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது சிக்னலில். பாதையில் நாம் கடந்து வந்த ஒருவர், சிவப்பு விளக்கில் எல்லாரையும் தாண்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பார். பச்சை விழுந்ததும் மெதுவாகக் கிளம்புவார், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் மறுபடி வாகன ஓட்டத்துக்குள் இறங்கி அவரைக் கடக்க வேண்டும். சிக்னலில் வந்த வரிசையில் நிற்பதுதான் முறை. அதேபோல, சிக்னலுக்குச் சற்று முன் அவசரமாக முந்திப் போய் பிரேக் பிடிக்கும் வேகக்காரரையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், மணி ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கண்ணாடியைச் சொல்வேன். ஹேண்டில்பார் முனையில் செருகும் சின்ன வட்டக் கண்ணாடி. கடக்க வெளியே வருமுன் பின்னால் யார் என்று தெரியும், கடந்தபின் அவர் வண்டி முழுசாகத் தெரிந்ததும் உள்ளே வரலாம். குவிகண்ணாடியில் பின்னால் வருபவர் உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரிவார், அதனால் ஒரு முறை தலையைத் திருப்பியும் பார்த்துவிட வேண்டும். குண்டும் குழியுமான பாதையில் திருகு அடிக்கடி தளரும். மற்றபடி குறையில்லை. நம்மைவிட வேகமானவர் வருவதும் அதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போது மிதிப்பதைக் கூட்டாமல், நேர்கோட்டில் ஓரமாகப் போய்க்கொண்டே, பாதை காலியாக இருந்தால் ‘போங்க’ என்று கையைக் காட்டுவேன். இந்தக் கண்ணாடி வந்த பிறகு பின்னாலிருந்து மணி கேட்டு நான் திடுக்கிட்டதில்லை.