வேலையை விட்டா, வேலையோடா? கதை எழுத எது வழி

கதை எழுத ஐடி வேலையை விட்டுவிடலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு 'தி மார்ஷியன்' நாவல் எழுதிய ஆண்டி வியர் ஞாபகம்தான் வரும். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்த மனிதர் அவர். அமெரிக்காவில் புரோகிராமராக இருந்தார். வேலை போனபோது கையில் இருந்த பணத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் முழுநேரமாக எழுதினார். எந்தப் பதிப்பகமும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி புரோகிராம் எழுதும் வேலைக்கே போனார். அப்புறம், வேலை போக மிஞ்சிய நேரத்தில், செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். படித்தவர்கள் அறிவியல் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவர் திருத்தினார். 2011-ல் அமேசான் கிண்டிலில் மின்னூல், விலை 99 சென்ட். 2014-ல் பெரிய பதிப்பகம், 2015-ல் சினிமா.

நேரம் நிறைய இருந்தபோது அவருக்குக் கிடைக்காத வாசகர்கள், நேரம் குறைவாக இருந்தபோது கிடைத்தார்கள். நான் இதில் பார்ப்பது அதைத்தான்.

நம் பக்கம் வேலையோடு எழுதியதற்கு உதாரணம் சுஜாதா. விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு. இத்தனைக்கும் நடுவில்தான் வாரப் பத்திரிகைத் தொடர்கள். 'சுஜாதா எழுதவில்லையா?' என்று கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தொடர்கதைக்கு வாரத்துக்குச் சில பக்கம் போதும், கேட்டு வாங்க ஆசிரியர் இருந்தார், அடுத்த வாரத்துக்காக வாசகர் காத்திருந்தார். இன்றைக்கு நம் நாவலை யாரும் காத்திருந்து வாங்குவதில்லை. அந்தக் கெடுவை நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கம் அசோகமித்திரன். தொழில்நுட்பக்காரர் அல்லர், ஆனாலும் மாதச் சம்பளத்தை விட்டவர். 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையிலிருந்து வெளியே வந்து, 2017-ல் இறக்கும்வரை எழுத்தையே தொழிலாக வைத்திருந்தார். அந்த வாழ்க்கையை நான் வணங்குகிறேன். ஆனால் வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

காரணம் கணக்குதான். 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 25 ரூபாய். 300 பிரதி விற்றால் 7,500. வேலையை விடும்போது கையில் வருவது பி.எஃப், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் கிராஜுவிட்டி. அடிப்படைச் சம்பளம் 40,000, பத்து வருட சர்வீஸ் என்றால் கிராஜுவிட்டி சுமார் 2.3 லட்சம். அம்மா அப்பாவுக்கும் சேர்த்து ஆபீஸ் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். இதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

அதனால் வேலையிலேயே இருந்துவிடலாமா? நான் பன்னிரண்டு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். இரண்டு வருடம் காலை 4.45-க்கு எழுந்து சமையலறை மேஜையில் எழுதினேன். ஒன்பது சிறுகதைகள் வந்தன. நாவல் மட்டும் நான்கு முறை நின்றுபோனது. சாஃப்ட்வேர் வெளியாகும் ரிலீஸ் வாரம் வந்தால் பத்து நாள் விட்டுப்போகும். திரும்பி வரும்போது பாத்திரங்களின் குரல் காதில் இருக்காது. முதல் பக்கத்திலிருந்து படித்தால்தான் மறுபடி கேட்கும், அதற்குள் அடுத்த ரிலீஸ்.

மூன்றாவது வழி, சம்பளமில்லாத விடுப்பு. போன வருடம் மூன்று மாதம் எடுத்தேன். முதல் பத்து நாள் தூக்கம். அப்புறம் நாவல் ஓடத் தொடங்கியது, 180 பக்கம் வந்தது. ஆனால் புதுக் கதை ஒன்றுகூடத் தோன்றவில்லை, வீட்டில் யாருடைய பேச்சும் காதில் விழவில்லையே. எனக்குப் பிடித்த என் கதை, ராத்திரி இரண்டு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் நின்றுபோனபோது நடந்த ஒரு ஃபோன் காலில் பிறந்தது. ஜூனியர் பெண் ஒருத்தி 'ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பின்னால் குழந்தை அழுகிறது. லைனில் பதினான்கு பேர் இருந்தோம், போய்க் குழந்தையைப் பாரம்மா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஃபோன் காலில் நான் இல்லாமல் அந்தக் கதை இல்லை.

ஆக, சிறுகதை என்றால் வேலையை விடவே வேண்டாம், கதைகள் அங்கேதான் நடக்கின்றன. நாவல் பாதியில் நிற்கிறது என்றால் விடுப்பு கேளுங்கள், ராஜினாமாவை அப்புறம் பார்க்கலாம். இரண்டு வருடச் செலவுக்குப் பணமும், பெற்றோருக்குத் தனியாகக் காப்பீடும், முடித்த கைப்பிரதி ஒன்றும் இருந்தால், தாராளமாக 90 நாள் நோட்டீஸ் கொடுங்கள்.

நான் வருகிற ஏப்ரலில் இன்னொரு மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். ஆறு அத்தியாயம் பாக்கி.