உப்புக் காற்றில் ஸ்மார்ட் போர்டு: இரண்டு மழைக்காலம் தாண்டிய அனுபவம்

கடலூர், புதுச்சேரிக் கரையோரப் பள்ளிகளில் மாட்டியிருக்கும் 65, 75 அங்குலத் தொடுதிரைகளை இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் தாண்டிப் பார்த்தால், திரை தானாகச் சாவது குறைவு என்று தெரியும். யுபிஎஸ் பேட்டரி, எர்த், கேபிள் முனை, சாக்பீஸ் தூசி. பாடத்தைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். "போர்டு போச்சு சார்" என்று புகார் வந்தால் போர்டைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் மின்சாரம். 65 அங்குலத் திரை, வெளிச்சம் கூட்டி வைத்தால் 150 முதல் 200 வாட் வரை இழுக்கும். 1 கேவிஏ யுபிஎஸ்ஸில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு இருக்கும். காகிதக் கணக்கில் 168 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பதும், வேகமாக இறங்கும்போது பேட்டரி முழுசாகக் கொடுக்காததும் போக, புதிதிலேயே அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் இந்த லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சன்னலைச் சாத்திப் பூட்டிய அறை மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டில் அந்த யுபிஎஸ், திரையை முறையாக அணைக்க அவகாசம் தரும், அவ்வளவுதான். வெளிச்சத்தை 60 சதவீதத்துக்குக் குறைத்து, வெயில் பக்கத்துச் சன்னலுக்குத் திரைச்சீலை போட்டால் பேட்டரிக்கும் நல்லது, பின் பெஞ்சுக்கும் நன்றாகத் தெரியும்.

எர்த் விஷயம்தான் பலரும் கண்டுகொள்ளாதது. பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும். எர்த் கம்பி உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 10-க்கு மேல் ஏறினாலோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டிக் காட்டாவிட்டாலோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். உலோகச் சட்டத்தைத் தொட்டால் சுருக்கென்பது, ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல், கர்சர் தானாக ஓடுவது எல்லாம் இதன் அறிகுறிகள். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி மணல் தரையில் கோடையில் ஈரம் வற்றினால் எர்த்தின் தடை ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. குழியின் தலைப்பில் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நட்டும் போல்ட்டும் உப்பில்தான் முதலில் அரிக்கும்; ஆண்டுக்கொரு முறை திறந்து சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவ வேண்டும்.

கர்சர் ஓடுவதற்கு எர்த் காரணமில்லை என்றால் அடுத்த சந்தேகம் தூசி. இந்தத் திரைகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு வகை: சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கிளம்பி எதிர் ஓரத்தை அடைகிறது, விரல் அதை மறிக்கிறது. சாக்பீஸ் தூளும் மறிக்கும். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே திரையை மாட்டியிருந்தால் கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் வாரத்துக்குள் வெள்ளைப் படலம் படியும். திரையை அணைத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நான்கு ஓரத்தையும் துடைத்தால் முக்கால்வாசிப் புகார் அங்கேயே தீரும். ஈரத்துணி வேண்டாம். காலை வெயில் நேராகச் சட்டத்தில் அடித்தாலும் இதே கூத்துதான்.

எச்டிஎம்ஐ, யுஎஸ்பி முனைகளில் பச்சை பூப்பது கடற்கரைக்கே உரியது. விருத்தாசலம் பக்கம் இவ்வளவு இல்லை. திரை விட்டுவிட்டு வந்தால் கேபிளைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் (மின் முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, உலரவிட்டு மாட்டலாம். கேபிளைத் தினமும் பிடுங்கி மாட்டக் கூடாது. கேபிள் சொருகும் துளை தளர்ந்தால் மெயின்போர்டைத் தொட வேண்டிவரும்.

யுபிஎஸ்ஸைத் தரையில் வைப்பது இந்த ஊரில் செய்யக் கூடாத காரியம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. மூன்றடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட் அடிக்க ஆகும் செலவு பெரிதில்லை.

மென்பொருளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு எரிச்சல்களைத் தவிர. பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளைத் திரையில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவருவது உடனடி வழி, யூனிகோடுக்கு மாற்றுவது நிரந்தர வழி. இரண்டாவது, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேலான ஒரே கோப்பு ஏறாது. நீளமான வீடியோவைத் துண்டாக்க வேண்டும். இணையத்தை நம்பிப் பாடம் தயாரிப்பதைவிட முந்தின நாளே இறக்கி வைப்பது நிம்மதி.

பாகூர் எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் கதை வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால், தமிழ்நாட்டுப் பாடநூலின் க்யூஆர் குறியீட்டுக் காணொளிகள் அங்கே பாடத்தோடு நேராகப் பொருந்துவதில்லை. முன்பு இரு பக்கமும் ஒரே பென்டிரைவ் சுற்றியது, இப்போது தலைப்பு பார்த்துப் பொறுக்க வேண்டும்.

திரையில் ஆசிரியரின் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்துவைப்பது பலரும் செய்யும் தவறு. குடும்பப் போட்டோவும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் வகுப்பு முழுக்கத் தெரியும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. பள்ளிக்கென ஒரே கணக்கு, அதில் மாணவர் படமோ பட்டியலோ எதுவும் ஏற்றாமல், வைத்துக்கொள்வது நல்லது.

விடுமுறையில் திரையை வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே தேங்கிய ஈரம் காயும். பின்பக்கக் காற்றுத் துளையில் பல்லி குடியேறியிருந்தாலும் தெரிந்துவிடும். அதற்கு அறைச் சாவி யாரிடம் என்று முதலில் தெரிய வேண்டும். ரிமோட் தலைமையாசிரியர் பீரோவில் இருந்தால் கவலையில்லை, அநேக திரைகளில் கீழ்ச் சட்டத்திலேயே பவர் பட்டன் உண்டு.