ஹம்பக்கர் வாங்குபவர்களே, 8 கிலோ ஓம் என்றதும் நம்பிவிடாதீர்கள்

கிடாரில் இருந்த பழைய பிக்கப்களை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) மாற்றலாம் என்று ஆன்லைனில் ஒரு செட் ஹம்பக்கர், அதாவது இரண்டு கம்பிச்சுருள் (காயில்) உள்ள பிக்கப், வாங்கினேன். மூடி இல்லாத வகை. விளம்பரத்தில் இருந்தது: கையால் சுற்றியது, ஆல்னிகோ 2 காந்தம், 50களின் பிஏஎஃப் (கிப்சனின் ஆரம்பகால ஹம்பக்கர்) சத்தம், பிரிட்ஜ் பிக்கப் 52 மில்லிமீட்டர் ஸ்பேசிங் (ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே வரும் இரும்புத் துண்டுகளில் முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள தூரம்). மீட்டர் 8 கிலோ ஓம் காட்டும் படமும் போட்டிருந்தார்கள்.

அந்த எண் பொய்யில்லை. என் மல்டிமீட்டரிலும் 8-ஐ ஒட்டித்தான் காட்டியது. பழைய பிஏஎஃப்கள் பெரும்பாலும் 7 முதல் 9 வரை இருக்கும் என்பதால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. ஆனால் அது சுற்றியிருக்கும் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். உள்ளே என்ன காந்தம் என்று அது சொல்லாது. கம்பியை இன்னும் மெல்லியதாகப் போட்டால் குறைந்த சுற்றிலேயே எண் ஏறிவிடும்.

சால்டர் செய்வதற்கு முன்பே வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜ் பக்கம் இரண்டு ஓர ஸ்ட்ரிங்கும் அந்த இரும்புத் துண்டுகளுக்கு (போல் பீஸ்) நேராக வரவில்லை. அளந்தால் இரண்டு பிக்கப்புமே 50 மில்லிமீட்டர்தான். டார்ச் அடித்துக் குறுக்கு முனையைப் பார்த்தேன், காந்தம் கன்னங்கரேல் என்று இருந்தது. ஆல்னிகோ சாம்பல் நிற உலோகம், செராமிக்தான் இப்படிக் கறுப்பாக இருக்கும்.

விற்றவரைக் கேட்டால், "கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்கோம் சார்" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று முனையில் லேசாகச் சுரண்டி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த இடத்தில் வைத்தேன். ஆல்னிகோ மின்சாரம் கடத்தும், செராமிக் கடத்தாது. பீப் சத்தமே வரவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "சுரண்டிட்டீங்க, இனி ரிட்டர்ன் கிடையாது." பெயிண்ட் கதையைச் சொன்னதே அவர்தான்!

செராமிக் மட்டமான காந்தம் என்று சொல்லவில்லை. டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப்பில் இருப்பதும் செராமிக்தான், டிஸ்டார்ஷனுக்கு அருமையாக இருக்கும். ஆனால் ஆல்னிகோ 2-வின் மென்மையான, உருண்டையான சத்தத்துக்காகக் காசு கொடுத்தவனுக்கு அது எதற்கு?

வயரிங் கதை தனி. வயர் கலர் விவரம் கேட்டதற்கு, "எல்லா பிராண்டும் ஒண்ணுதான், கறுப்பு ஹாட்" என்றார். ஹாட் என்றால் சிக்னல் போகும் வயர். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், டிமார்சியோவில் சிவப்பு ஹாட். தப்பாக இணைத்தால் ஒரு காயிலை இன்னொரு காயில் அடித்துக்கொண்டு சத்தம் மெலிந்துபோகும், அல்லது எதுவுமே வராது. கடைசியில் எந்த இரண்டு வயர் எந்தக் காயிலுடையது என்று மீட்டரை வைத்து நானே தேடினேன்.

பணம் கொடுப்பதற்கு முன் ஸ்பேசிங்கை ஸ்கேல் வைத்து எடுத்த படம், காந்த முனை தெரிகிற படம், அந்த பிக்கப்புக்கே உரிய கலர் கோட் மூன்றையும் கேளுங்கள். பிரித்துச் சோதித்த பிறகும் திருப்பி எடுப்பீர்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மீட்டர் படம் பாருங்க சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். எனக்குப் பணம் திரும்பவில்லை, விற்றவர் என் போன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். அதே 8 கிலோ ஓம் படம் இப்போது வேறு பெயரில் ஆல்னிகோ 5 என்று விற்பனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.