குளிசை தந்தார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை

லண்டனுக்குத் திரும்ப வேண்டிய விமானத்தைப் பிற்போட்டுவிட்டார்கள். கையிலிருந்த வலிப்புக் குளிசைகள் சில நாள்களுக்குப் போதாமல் போயின. யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதியில் மருந்துக்கடைக்கா பஞ்சம் என்று நினைத்து வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் போய் இறங்கினேன்.

நான் எடுப்பது சோடியம் வால்புரோயேட். நித்திரை குறைந்தால் விடியற்காலையில் கைகள் வெட்டி இழுக்கும் வகை வலிப்பு எனக்கு. வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவை கேட்கவில்லை. ஆகவே இந்தக் குளிசை இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

கடையில் நின்றவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “வலிப்புக் குளிசையா தம்பி?” என்று கடை முழுவதும் கேட்கும்படி கேட்டார். நாலைந்து தலைகள் திரும்பின. அவர்களில் ஒருவர் என் அம்மாவுடன் கோயிலுக்குப் போகிறவர். ஊரில் ஒரு வீட்டில் வலிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரையில் அது போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. லண்டனில் மருந்தாளர் என்னைத் தனி அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறப்பார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அட்டையிலிருந்து குளிசைகளை ஒவ்வொன்றாக உரித்து, எண்ணி, ஒரு சிறிய காகித உறைக்குள் கொட்டினார். வால்புரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மருந்து. எடுக்கும் நேரம் வரையில் அது அட்டையின் மூடிய உறைக்குள்தான் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் காகித உறைக்குள் அதன் கதி என்ன? நான் மறுத்தபோது, “சில நாளைக்குத்தானே தம்பி, பழுதாகாது” என்றார். முழு அட்டை வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பாதி அட்டையை வெட்டிக் கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் இந்த நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு அதைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. வெட்டிக் கொடுங்கள், உரித்துக் கொட்டாதீர்கள். இங்கிலாந்தில் 2023 ஒக்டோபர் முதல் இந்த மருந்தைப் பிரிக்காத முழுப் பெட்டியாகவே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எச்சரிக்கைத் தாள் ஒவ்வொருவர் கையிலும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

அந்தத் தாளைக் கேட்டேன். “அது எதற்கு? நீங்கள் ஆண்தானே” என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். கர்ப்பிணி இந்த மருந்தை எடுத்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்று உடற்குறையோடு பிறக்கலாம், பத்தில் மூன்று நான்கு பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆணைப் பற்றிய பகுதி தெரியவில்லை. வால்புரோயேட் எடுக்கும் சில ஆண்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கை குறைகிறது, அவற்றின் ஓட்டம் தளர்கிறது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் மீள்கிறது, அளவைக் குறைத்தாலும் மீளலாம். டென்மார்க், சுவீடன், நோர்வே நாடுகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், கருத்தரிப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் தகப்பன் வால்புரோயேட் எடுத்திருந்தால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு காணப்பட்டது. லமோட்ரிஜின் அல்லது லெவெடிரசெட்டாம் என்ற வேறு வலிப்பு மருந்துகளை எடுத்த தகப்பன்மாரின் பிள்ளைகளில் அது மூவர். டென்மார்க்கில் பிறகு வந்த வேறொரு ஆய்வில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே பேச்சு முன்னெச்சரிக்கை பற்றியதுதான், பீதி கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் 2024 செப்டெம்பரில் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது: இதை எடுக்கும் ஆணும் அவருடைய துணைவியும் கருத்தடை பயன்படுத்த வேண்டும், மருந்தை நிறுத்திய பின்னரும் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு விந்தணு முழுதாக உருவாகி முதிர அவ்வளவு காலம் எடுக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே 55 வயதுக்குட்பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் இதைப் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கடையிலேயே சொன்னேன், கொஞ்சம் குரலும் உயர்ந்துவிட்டது. வெளியே வந்தபோது ஓர் இளைஞர் பின்னால் ஓடி வந்தார். கையில் கிளினிக் கொப்பி. “அண்ணை, நானும் இதே குளிசைதான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து” என்றார். கலியாணமாகிச் சில வருடங்கள், பிள்ளை இல்லை. மனைவிக்கு ஸ்கான், இரத்தப் பரிசோதனை, கசாயம், விரதம், நேர்த்தி எல்லாம் முடிந்துவிட்டன. இவரை ஒருவரும் ஒரு பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. ஒரு நாளிலேயே செய்து முடிக்கக்கூடிய விந்துப் பரிசோதனை அது. இரண்டு முதல் ஏழு நாள்கள் உறவைத் தவிர்த்துவிட்டுப் போய் மாதிரியைக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல் அந்தப் பெண்ணை இத்தனை வருடம் அலைய விட்டிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது.

அவர் அடுத்துக் கேட்டது என்னைத் திடுக்கிட வைத்தது. “அப்படியென்றால் இன்று இரவே நிறுத்திவிடவா?”

நிறுத்தவே கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து வரலாம். ஐந்து நிமிடம் தாண்டினால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது கையில் இரும்பைக் கொடுப்பதாலோ வாயில் கரண்டியை வைப்பதாலோ எதுவும் நிற்காது. வாய்க்குள் எதையுமே வைக்கக் கூடாது. இதை அவருக்கு மூன்று நான்கு தடவை திருப்பித் திருப்பிச் சொன்னேன். வேறு பழைய மருந்துக்குத் தானாக மாறவும் கூடாது. பெனிற்றோயின், காபமசெபின் போன்றவை வேறு வழியால் வேலை காட்டும்: டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதம் கூடிவிடும், உடலுக்குப் பயன்படும் பங்கு குறையும், ஆசையும் குறையலாம். என்னுடையது போன்ற வெட்டி இழுக்கும் வலிப்பைக் காபமசெபின் கூட்டிவிடவும் கூடும்.

அடுத்த கிளினிக் நாளில் அவருடன் அரச வைத்தியசாலைக்குப் போனேன். விடியப் போய் வரிசையில் நின்றதைப் பற்றி எழுதப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். உள்ளே இருந்த இளம் வைத்தியர் அந்த இளைஞர் சொன்னதை அவசரப்படாமல் கேட்டார். விந்துப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றலாமா என்று பார்ப்போம், மாற்றினாலும் படிப்படியாகத்தான், அதுவரை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது என்றார். ஒரு சதம் செலவில்லை. லண்டனில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கும் எனக்கு இது பெரிய மதிப்பாகப் பட்டது. ஆனால் இவராகக் கேட்காமல் இதை எவரும் சொல்லவில்லையே என்ற கோபம் மட்டும் ஆறவில்லை.

திரும்பி வரும் வழியில் அந்த மருந்துக்கடைக்கே போய், இந்தக் குளிசை எடுக்கும் ஆண்களுக்கான எச்சரிக்கையை நாலு வரி தமிழில் எழுதி ஒட்டும்படி முதலாளியிடம் கேட்டேன். அவருடைய மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. “பெண்பிள்ளைகள் வந்துபோகும் கடை தம்பி, விந்து கிந்து என்று எழுதி ஒட்ட முடியாது” என்றார். 19ஆம் நூற்றாண்டில் இதே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்த மண்ணில் இன்று நாலு வரிக்கு வெட்கமா?

யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீட மாணவர்கள் யாராவது இதை வாசித்தால், வலிப்பு மருந்து எடுக்கும் ஆண்களுக்கென்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள். உங்கள் ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தட்டும். கிளினிக்கில் கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொடுக்கலாம். அச்சுச் செலவு முழுவதையும் நான் தருகிறேன்.