ஒரே ‘கு’வுக்கு ஆங்கிலத்தில் மூன்று வழி

விபத்துக்குக் காரணம், கேள்விக்கு விடை, வேலைக்கு விண்ணப்பம். தமிழில் மூன்றுக்கும் நான்காம் வேற்றுமையின் ‘கு’ ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ ‘காஸ் ஆஃப்’, ‘ஆன்சர் டு’, ‘அப்ளிகேஷன் ஃபார்’ என்று மூன்றும் மூன்று பக்கம் போகின்றன. நாம் ‘கு’ என்றதும் ‘ஃபார்’ என்று எழுதிப் பழகியவர்கள். சறுக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

அதிகம் குழப்புவது காரணம்தான். ‘ரீசன்’ என்றால் ‘ஃபார்’, அதில் சிக்கலில்லை. (சட்ட நடையில் வரும் ‘பை ரீசன் ஆஃப்’ தனிக் கதை.) ‘காஸ்’ அப்படியல்ல. விபத்தை உண்டாக்கியது எது என்று சொல்லும்போது ‘காஸ் ஆஃப் தி ஆக்சிடென்ட்’. அங்கே ‘ஃபார்’ போட்டால் தவறு. ஆனால் ‘நோ காஸ் ஃபார் அலார்ம்’ முழுக்கச் சரி. பதறுவதற்கு நியாயம் இல்லை என்பது அதன் பொருள். ஐயம் வந்தால் நான் ‘காரணம்’ இருக்கும் இடத்தில் ‘முகாந்திரம்’ என்று வைத்துப் பார்ப்பேன். பதற்றத்துக்கு முகாந்திரம் இல்லை: பொருந்துகிறது, எனவே ‘ஃபார்’. விபத்துக்கு முகாந்திரம்: காதில் உறுத்துகிறது, எனவே ‘ஆஃப்’.

‘டு’வா ‘ஃபார்’ஆ என்பது இதைவிட எளிது. கையில் இல்லாததை நாடும் பெயர்ச்சொற்கள் ‘ஃபார்’ கேட்கும்: டிமாண்ட், நீட், ரிக்வெஸ்ட், சர்ச். முன்னால் நிற்கும் ஒன்றுக்கு ஈடாக வருபவை ‘டு’ கேட்கும்: ஆன்சர், ரிப்ளை, சொல்யூஷன். ‘சொல்யூஷன் ஃபார்’ என்பதும் புழக்கத்தில் உண்டு. அதன்பின் பெரும்பாலும் பயனாளர் வருவார். சிக்கலைச் சொல்லும் இடத்தில் நான் ‘டு’வையே எழுதுவேன்.

‘இன்கிரீஸ்’ ‘இன்’, ‘ஆஃப்’ இரண்டையும் ஏற்கும், வேலை மட்டும் வேறு: ஏறிய பொருளுக்கு ‘இன்’, ஏறிய அளவுக்கு ‘ஆஃப்’. விலையில் 10 சதவீத உயர்வு என்றால் ‘இன்கிரீஸ் ஆஃப் 10 பெர்சென்ட் இன் பிரைஸ்’.

பெயர்ச்சொல்லுக்கு உரிய உருபை வினைக்கும் ஒட்டிவிடுவது இன்னொரு வழுக்கல். ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்பதில் ‘ரிக்வெஸ்ட்’ பெயர், ‘ஃபார்’ வேண்டும். ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’ என்னும்போது அது வினை, ‘ஃபார்’ கூடாது. ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு. இது தெரிந்த பிறகும் அவசரத்தில் எழுதிய விண்ணப்பங்களில் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று எழுதி, அனுப்பிய பிறகு தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.