கேபிள் இன்ரநெற்றும் லினக்ஸும்: கொக்குவிலில் இருந்து ஒரு அனுபவம்

ரீவி கேபிள் வழியாக வரும் இன்ரநெற்றை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் இணைப்பது பெரிய கரைச்சல் என்று இன்னமும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சில வருடங்களாக லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை போட்ட பழைய கணினி கேபிள் மோடத்தில்தான் ஓடுகிறது. எனக்குக் கரைச்சல் தந்தது லினக்ஸ் அல்ல, வயர்.

இணைப்பதில் சொல்ல அதிகம் இல்லை. மோடத்தில் இருந்து வரும் ஈதர்நெற் வயரைச் செருகினால் லினக்ஸில் இணைப்பைக் கவனிக்கும் நெட்வேர்க் மேனேஜர், டிஎச்சிபி என்ற தானியங்கி முறை மூலம் ஐபி முகவரியை (இணைப்பில் கணினிக்குத் தரப்படும் எண்) தானே எடுத்துக்கொள்ளும். பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. லைன் போட வந்த தம்பி, "இது விண்டோஸ் இல்லையே அண்ணை" என்று தயங்கினார். பிரவுசர் திறந்ததும் பேசாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கவனிக்க வேண்டியது மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வேர்க் கருவிக்கும் உரிய அடையாள எண். பல கேபிள் மோடங்கள் முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் சோதித்துவிட்டு வயரை மேசைக் கணினிக்கு மாற்றினால் ஐபி கிடைக்காது. மோடத்தின் கரண்டை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டால் சரி. சேவை தருபவரே முகவரியைப் பதிந்து வைத்திருந்தால், நெட்வேர்க் அமைப்பில் குளோன் (நகல்) முகவரிக்கான இடத்தில் பழைய கருவியின் மேக் முகவரியை எழுதிவிடலாம்.

உண்மையான சோதனை மாரியில்தான். கார்த்திகை மழை தொடங்கினால் வேகம் படுத்துவிடும். சேவை தருபவரிடம் தொலைபேசியில் கேட்டால், "விண்டோஸ் போட்டுப் பாருங்கோ" என்பார்கள்! மோடத்துக்கு பிங் அடித்தால், அதாவது சிறு தரவுப் பொட்டலங்களை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், ஒரு பொட்டலமும் தவறாது; வெளியே அடித்தால் பாதி காணாமல் போகும். அப்படியானால் கணினியில் பிழை இல்லை. பிறகு பிரவுசரில் 192.168.100.1 திறந்து சிக்னல் பக்கத்தைப் பார்த்தேன். பெரும்பாலான கேபிள் மோடங்களில் அந்த முகவரிதான். உள்வரும் சிக்னல் -7க்கும் +7 டிபிஎம்விக்கும் (சிக்னல் பலத்தின் அளவு) இடையில் இருப்பது நல்லது. எங்களுடையது அதைவிட நன்றாகக் கீழே கிடந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தது. சுவருக்கு வெளியே இருந்த கனெக்டருக்குள் தண்ணீர், செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. லைனை ரீவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் தன் பங்குக்கு 3.5 டிபி அளவில் சிக்னலைத் தின்றுகொண்டிருந்தது. கனெக்டரை மாற்றி, ஸ்பிளிட்டரையும் கழற்றியதும் மழையிலும் லைன் அறுவதில்லை.

தீராத குறை கரண்ட்தான். வீட்டில் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. கரண்ட் போய், தெருவில் சிக்னலைப் பெருக்கும் அம்பிளிஃபயர் நின்றால் மோடம் சும்மா விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு ஃபோனை யூஎஸ்பியில் செருகி டேட்டா எடுக்கிறேன். லினக்ஸ் அதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது.